நூலுரிமையும் பொதுவுரிமையும்

முன்னுரை

நூலை ஆக்கியோன், அதனைப் படியெடுத்தற்கும் அச்சிடுதற்கும் விரித்தற்கும் மொழிபெயர்த்தற்கும், கேட்பார் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே இசைவு தாராது, உலகோர் அனைவர்க்கும் ஒருசேர முன்னரே இசைவு தந்து வெளியிடும் முறையினை இக்காலத்தார் திறந்த உரிமம் என்று வழங்குகின்றனர். இம்முறை மேனாட்டிற் கணிப்பொறி வல்லுநரிடையே தோன்றியது. 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா வகைப் படைப்புகளுக்கும் உரிய சட்ட வடிவினைப் பெற்றது. ஆதலின், இது தமிழுக்கு முற்றும் புதுவது, பிறரிடம் கடன்கொண்டது என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. அவ்வெண்ணம் ஒருபுடை உண்மை, ஒருபுடை ஆராயத்தக்கது.

நூல் வழக்கத்தை ஆளும் கட்டுகள் இரண்டு. நூலை எடுத்தாளுமுன் ஆக்கியோனிடம் ஒப்புதல் பெறவேண்டும் என்பது ஒன்று. எடுத்தாண்டபின் ஆக்கியோன் பெயரையும் தாம் செய்த மாற்றத்தையும் மறையாது கூறவேண்டும் என்பது மற்றொன்று. முன்னதனை இசைவுக்கட்டு என்றும், பின்னதனைப் பெயர்க்கட்டு என்றும் ஈண்டுக் குறிப்போம். தமிழ் நூன்மரபு பெயர்க்கட்டினைப் பேணியது, இசைவுக்கட்டினை அறியாதது. பதிப்புரிமைச் சட்டம் இசைவுக்கட்டினை முதன்மையாக்கியது. நாட்டுடைமை இசைவுக்கட்டினை நீக்கியது. பெயர்க்கட்டினைப் பற்றி வாளா இருந்தது. திறந்த உரிமமோ முன்னதனை நெகிழ்த்துப் பின்னதனை இறுக்குகின்றது. எனவே, அது நம் பழைய மரபுக்கு நாட்டுடைமையினும் அணித்தாக நிற்பது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

தாராபுரத்தை உள்ளிட்ட கொங்குநாடு இவ்வரலாற்றின் பல படிகளிலும் இடம்பெறுகின்றது. ஆதலின், சான்றுகள் இயன்ற மட்டும் அந்நாட்டினின்றே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. ஏட்டுடைமையும் நூலுடைமையும்

அச்சுக்கு முற்பட்ட காலத்தில் நூல்கள் ஓலையிற் படியெடுக்கப்பட்டே வாழ்ந்தன. ஓலை நெடுங்காலம் நில்லாதது. செல்லும் ஈரமும் தீயும் அதற்குப் பகை. ஆகவே, படியெடுத்தல் நூலுக்குச் செய்யும் தீங்கெனக் கருதப்படாது, அதன் உயிரைக் காக்கும் தொண்டெனவே கருதப்பட்டது. தொல்காப்பியத்தைப் படியெடுக்க எவரும் எவரிடமும் ஒப்புதல் வேண்டியதாகச் சான்றில்லை.

ஆயினும், பண்டைக் காலத்தில் நூல்களெல்லாம் யாவர்க்கும் எளிதிற் கிட்டின என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. நூலுக்கு உடையவர் இலர். ஏட்டுக்கு உடையவர் இருந்தனர். மடங்களும் புலவர் குடும்பங்களும் செல்வர் மனைகளும் ஏடுகளைப் பூட்டி வைத்தன. ஏடு தேடி ஊரூராக அலைந்த உ.வே.சாமிநாதையர் பட்ட இடர்களை அவர்தம் தன்வரலாற்றில் விரிவாகக் காணலாம். ஏட்டை உடையார் அதனைக் காட்ட மறுத்தால், நூல் பொதுவாயிருந்தும் பயனின்றாயிற்று. எனவே, உரிமைத் தடை இன்மை வேறு, கைக்கு எட்டுதல் வேறு என்பது இங்கு முதற்கண் உணரத்தக்கது. இவ்வேறுபாடு இக்காலத்துக்கும் பொருந்துமாறு பின்னர்க் கூறப்படும்.

2. பாயிரமும் வழிநூலும்

நூல் என்னும் சொல் இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாதலை இலக்கணநூலார் பொருளுடையதாகவே கொண்டனர். சொற்களைப் பஞ்சாகவும், அவற்றாலாகிய யாப்பினை இழையாகவும், புலவனை நூற்கும் மகளாகவும் நன்னூற் பாயிரம் உருவகிக்கின்றது. அந்நூலை இயற்றிய பவணந்தியாரின் ஊரைக் கொங்குநாட்டுச் சீனாபுரமெனக் கொள்வாரும் உளர். பருத்தியும் நூற்பும் பின்னலாடையும் வாழ்வாகக் கொண்ட திருப்பூர் வட்டாரத்தார்க்கு இவ்வுருவகம் எளிதில் விளங்கும். பஞ்சாகிய சொல் மொழி பேசுவார் அனைவர்க்கும் பொது. நூற்ற திறனே புலவனுக்கு உரியது. அத்திறனுக்குரிய மதிப்பு அவன் பெயரைச் சுட்டுவதாற் செலுத்தப்பட்டது.

சிறப்புப்பாயிரம் கூறவேண்டுவன எட்டென்பர்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. இவற்றுள் முதலாவது, நூல் யாருடையது என்பதனைக் காட்டுகின்றது. இரண்டாவதாகிய வழி, அது எதன் அடியாகப் பிறந்தது என்பதனைக் காட்டுகின்றது. பெயர்க்கட்டின் இரு கூறுகளும் இங்கே அமைந்துள்ளமை காண்க.

முதனூல், வழிநூல், சார்புநூல் என்னும் பகுப்பும் ஈண்டு நினையத்தக்கது. தொல்காப்பிய மரபியல் வழிநூலை நால்வகைப்படுத்தும்: தொகுத்தல், விரித்தல், தொகையும் விரியுமாகச் செய்தல், மொழிபெயர்த்தல் என்பன அவை. இந்நான்கிற்கும் இக்காலச் சட்டம் உரியோனிடம் தனித்தனியே ஒப்புதல் வேண்டும். மரபியலோ இவற்றைப் புலமைச் செயல்களாகவே ஏற்று இலக்கணம் வகுத்தது. முன்னோர் நூற்பாக்களைச் சொல் மாறாது எடுத்துத் தம் நூலுட் பெய்தலும் குற்றமன்று, அவர்க்குச் செய்யும் சிறப்பேயாம் என்பது பவணந்தியார் கருத்து. அவரே அவ்வாறு செய்துமுள்ளார்.

உரைமரபும் இதற்குச் சான்றாகும். சிலப்பதிகாரத்துக்கு விரிவுரை கண்ட அடியார்க்குநல்லார் கொங்குநாட்டு நிரம்பையைச் சார்ந்தவர். தமக்கு முற்பட்ட அரும்பதவுரையினை அவர் பயன்படுத்தினார். மறுக்க வேண்டிய இடத்து மறுத்தார். இவ்விரண்டினையும் 1892-இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றினார். ஓருரையின்மேல் மற்றோருரை எழுதலும், அவ்விரண்டன்மேல் ஒரு பதிப்பு எழுதலும் இசைவுக்கட்டு இன்மையால் இயன்றன. யார் கருத்து யாருடையது என்பது மயங்காமை பெயர்க்கட்டினால் இயன்றது.

அங்ஙனமாயின் அக்காலப் புலவர் எதனால் வாழ்ந்தனர் எனின், புரவலர் கொடையால் என்க. நன்னூற்குச் சீயகங்கனும், அடியார்க்குநல்லார் உரைக்குப் பொப்பண்ண காங்கேயர்கோனும் புரவலராயினர். நூலுக்குரிய பொருள் முன்னரே கிடைத்தமையால், படிதோறும் விலை பெறும் தேவை எழவில்லை. புரவலர் மறைந்து வாங்குவோர் தோன்றிய காலத்தே இந்நிலை மாறிற்று.

3. அச்சும் சட்டமும்

1835-இல் அச்சுக்கூடம் நடத்துதற்கிருந்த தடைகள் தளர்ந்தபின், தமிழர் தாமே அச்சகம் நிறுவி நூல் வெளியிடல் பெருகிற்று. 1847-இல் கும்பினி ஆட்சி நூலுரிமைச் சட்டமொன்றினை இயற்றியது. 1867-இன் 25-ஆம் சட்டம் அச்சான நூல்களைப் பதிவு செய்யும் முறையினைக் கொணர்ந்தது. பின்னர், 1911-இல் இங்கிலாந்தில் இயற்றிய சட்டத்தைத் தழுவி 1914-இல் இந்தியச் சட்டம் அமைந்தது. அதன்படி ஆக்கியோன் வாழ்நாளும் அதன்மேல் 50 ஆண்டுகளும் உரிமை நிற்கும். விடுதலை பெற்ற இந்தியா இயற்றிய 1957-ஆம் ஆண்டுச் சட்டம் 1958 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. தாகூரின் நூலுரிமை முடிவுறும் தறுவாயில், 1992-இல் அவ்வைம்பது ஆண்டு அறுபதாக நீட்டப்பெற்றது.

சட்டத்தின் நோக்கம் தீதன்று. அச்சகத்தார் ஒருவர் உழைப்பை மற்றொருவர் கொள்ளையிடாமற் காத்தலும், எழுத்தாளனுக்கு ஊதியம் கிடைக்கச் செய்தலும் அதன் பயன்கள். பாரதியாரே தம் நூல்களை நாற்பது பகுதிகளாக, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகளாக வெளியிட 1920-இல் திட்டமிட்டுப் பொருளுதவி வேண்டியவர். எழுத்தால் வாழ விரும்பிய அவர் விருப்பம் இழிவானதன்று. ஆயின், உரிமை விற்பனைப் பொருளான பின்னர், அஃது ஆக்கியோன் கையை விட்டு எவர் கைக்கும் செல்லக்கூடும். அதனைப் பாரதியார் நூல்களின் வரலாறே காட்டுகின்றது.

4. பாரதியார் நூல்கள் பொதுவானமை

பாரதியார் 1921 செப்டம்பரில் மறைந்தார். அவர் மனைவியார் செல்லம்மா முதலில் நூல்களை வெளியிட்டார். பின்னர்ப் பாரதியாரின் இளவல் சி.விசுவநாதன் பாரதி பிரசுராலயத்தின் வாயிலாக அப்பணியைத் தொடர்ந்தார். 1934-இல் பாடல்களை இசைத்தட்டு முதலியவற்றிற் பயன்படுத்தும் உரிமை 450 ரூபாய்க்கு ஒரு வணிகருக்கு விற்கப்பட்டது. அவ்வுரிமையை 1946-இல் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் 9,500 ரூபாய்க்கு வாங்கினார். பன்னீராண்டில் விலை இருபது மடங்குக்கு மேல் உயர்ந்தது. அவ்வுயர்வில் கவிஞர் குடும்பத்திற்குப் பங்கில்லை.

1948-இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதியார் பாடலொன்று இடம்பெறவே வழக்குப் பிறந்தது. நாட்டுக்குப் பாடிய கவிஞரின் பாட்டை நாட்டார் பாடுதற்கு ஒருவரிடம் ஒப்புதல் பெறவேண்டுமோ என்னும் வினா மேடைகளிலும் இதழ்களிலும் எழுந்தது. நாரண துரைக்கண்ணன் முதலிய எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் கண்டு கிளர்ச்சி செய்தனர். 1949 மார்ச்சில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலிருந்த சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றுக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பொருள் பெறாமலே விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாவுக்கும் மகளிர் இருவர்க்கும் தனித்தனி 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன.

அவ்வமைச்சரவையிற் கல்வியமைச்சராயிருந்தவர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார், 1903-இல் திருப்பூரிற் பிறந்தவர். 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. அக்கழகம் கொங்குநாட்டவராகிய பெ.தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. கவிஞர் ஒருவரின் பாட்டைப் பொதுவாக்கியதும், உலக அறிவனைத்தையும் தமிழிற் பொதுவாக்க முயன்றதும் ஒரே நோக்கத்தின் இரு செயல்கள் எனலாம்.

1949-ஆம் ஆண்டுச் செயலின் இயல்பு நுணுகி நோக்கத்தக்கது. அவ்வாண்டில் உரிமை மக்களுக்கு வரவில்லை, அரசுக்கே வந்தது. அரசு தானே பதிப்புகளை வெளியிடத் தொடங்கியது. 1955-இல்தான் யாவரும் தடையின்றி வெளியிடலாம் என்னும் நிலை உண்டாயிற்று. சட்டப்படி 1971-இன் இறுதிவரை நின்றிருக்க வேண்டிய உரிமை அவ்வாறு ஏறத்தாழ 16 ஆண்டுகள் முன்னரே அகன்றது. அரசுடைமை, பொதுவுடைமை என்னும் இரண்டும் வெவ்வேறு என்பதனை அவ்விடைப்பட்ட ஆறாண்டுகள் தெளிவாக்குகின்றன.

5. நாட்டுடைமையின் பயனும் எல்லையும்

பாரதியார்க்குச் செய்தது ஒரு முறையாக வளர்ந்தது. பாரதிதாசன் நூல்கள் 1990-இலும், அறிஞர் அண்ணாவின் நூல்கள் 1995-இலும் நாட்டுடைமையாயின. கல்கி, புதுமைப்பித்தன் எனப் பட்டியல் நீண்டது. இன்று அறிஞர் தொகை நூற்றைம்பதைக் கடந்துள்ளது. தமிழ் வளர்ச்சித் துறை வாயிலாக உரியவர்க்கோ மரபுரிமையர்க்கோ பரிவுத்தொகை வழங்கப்படுகின்றது. வறுமையுற்ற புலவர் குடும்பங்கள் பல இதனாற் பயனுற்றன. எழுத்தாளரின் நூலுரிமையைப் பொருள் கொடுத்துப் பெற்று மக்களுக்கு விடுதலை தமிழ்நாட்டின் தனிச்சிறப்பெனக் கூறின் மிகையாகாது. பழைய புரவலரின் இடத்தை ஈண்டு அரசு ஏற்றுள்ளமை காண்க.

எனினும், இம்முறைக்கு எல்லைகள் உள. பெரும்பாலும் ஆசிரியர் மறைந்த பின்னரே இது நிகழ்கின்றது. வாழும் ஆசிரியர்க்கு அரிதாகவே வாய்க்கின்றது. தேர்வு அரசினுடையது; ஆசிரியன் தானே தன் நூலைப் பொதுவாக்கும் வழி இதுவன்று. நாட்டுடைமை என்னும் சொல்லே மயக்கந் தருவது. 1969-இல் வங்கிகள் நாட்டுடைமையானபோது அவை அரசின் உடைமையாயின. நூல்கள் நாட்டுடைமையாகும்போதோ எவர் உடைமையும் அல்லவாகின்றன. யார் எதனைச் செய்யலாம், எதனைச் செய்தல் கூடாது என்பதனை இச்சொல் விளக்குவதில்லை. எல்லாவற்றினும் மேலாக, அச்சிடுவோன் எப்பதிப்பைப் பின்பற்றினான், எதனை நீக்கினான் என்பதனைக் கூறவேண்டும் என்னும் பெயர்க்கட்டு இதன்கண் இல்லை.

6. திறந்த உரிமத்தின் தோற்றமும் கூறுகளும்

ஆசிரியன் தானே உரிமை துறத்தலும் புதிதன்று. 1881-க்குப்பின் தாம் எழுதியவற்றை யாவரும் அச்சிடலாம் என்று 1891-இல் தால்சுதாய் அறிவித்தார். அவரைப் போற்றிய காந்தியடிகள், 'இந்திய சுயராஜ்யம்' என்னும் நூலின் ஆங்கிலப் பதிப்பை 1910-இல் தென்னாப்பிரிக்காவில் வெளியிட்டபோது, உரிமை எதுவும் தமக்கென வைத்துக்கொள்ளப்படவில்லை என்று முகப்பிலேயே பொறித்தார். ஆயினும், 1940-இல் அவர் தம் நூலுரிமையை நவஜீவன் அறநிலையத்துக்கு உரியதாக்கினார். முற்றத் துறத்தலுக்கும் முற்றக் காத்தலுக்கும் இடைப்பட்ட ஒரு வழி அக்காலத்தில் இல்லை என்பது இதனாற் புலனாகின்றது.

அவ்விடைவழியை முதலிற் கண்டவர்கள் கணிப்பொறி நிரலாளர். ரிச்சர்டு ஸ்டால்மன் 1989-இல் வெளியிட்ட பொது உரிமம், நிரலை யாவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், வழங்கலாம் என இசைந்தது. மாற்றியோர் தாம் பெற்ற உரிமையையே பிறர்க்கும் வழங்கவேண்டும் என விதித்தது. பின்னர், சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் லெசிக்கு முதலானோர் 2001-இல் அமைத்த 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்னும் நிறுவனம், எல்லா வகைப் படைப்புக்கும் ஏற்ற உரிமங்களை 2002 டிசம்பரில் வெளியிட்டது. படைப்பாக்கப் பொதுமங்கள் என அதனைத் தமிழில் வழங்குவர்.

அதன் உரிமங்கள் ஆறு. அவற்றுட் பயின்று வரும் கூறுகள் நான்கு: ஆக்கியோன் பெயரைச் சுட்டுக, பெற்ற உரிமையையே வழங்குக, வணிகத்திற் பயன்படுத்தற்க, மாற்றியதை வழங்கற்க என்பன. முதலாவது ஆறு உரிமங்களுக்கும் பொது. செய்த மாற்றத்தைச் சுட்டுதலும் அதனோடு சேர்ந்த கடமையாம். பாயிரத்தின் ஆக்கியோன் பெயரும் வழியும் இங்கே சட்டக் கடமைகளாக மீண்டும் தோன்றுகின்றன. நம் முன்னோரை அறிந்து மேனாட்டார் இவ்வாறு செய்தனர் என்பது கருத்தன்று. அறிவைப் பகிரும் எச்சமுதாயமும் இவ்விடத்தே வந்து சேரும் என்பதே கருத்து.

ஏனைய மூன்றும் ஆசிரியன் விருப்பத்தைப் பொறுத்தவை. அவற்றைத் தேருமுன் விளைவு அறிதல் வேண்டும். மாற்றியதை வழங்கற்க என்னும் கூறு, மரபியல் கூறும் வழிநூல் நான்கினையும் ஒருங்கே தடுப்பதாகும். அவற்றுக்கு மீண்டும் தனி ஒப்புதல் வேண்டும். வணிகத்திற் பயன்படுத்தற்க என்னும் கூறு, பேரங்காடிகளை மட்டுமன்றி, நூலை அச்சிட்டு விற்றுப் பிழைக்கும் சிற்றூர் அச்சகத்தையும் தடுக்கும். ஒருகால் வழங்கிய உரிமத்தை மீளப் பெறுதல் இயலாது. ஆசிரியன் பின்னர் மனம் மாறினும், முன்னர்ப் பெற்றோர் உரிமை கெடாது. எழுத்தையே வாழ்வாகக் கொண்டார் இவற்றை நன்கு எண்ணித் துணிதல் வேண்டும். அவர் தம் நூலைத் திறவாமையைக் குறையெனக் கூறுதல் அறமன்று.

இந்தியச் சட்டம் இவற்றுக்கு இடந்தருகின்றது. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு உரிமம் வழங்குதற்கும், 21-ஆம் பிரிவு உரிமையைத் துறத்தற்கும் வழி வகுத்துள்ளன. பொது அறிவிப்பினாலேயே துறக்கலாம் என 2012-இற் செய்த திருத்தம் பின்னதனை எளிதாக்கிற்று. உரிமையைப் பிறர்க்கு மாற்றிக்கொடுத்த பின்னரும் ஆக்கியோன் பெயருக்கும், தன் புகழ் கெட நூல் திரிக்கப்படாமைக்கும் உரியவனே என 57-ஆம் பிரிவு கூறும்.

7. தமிழ் நூல்களின் நிலை

படைப்பாக்கப் பொதுமங்கள் தோன்றுமுன்னரே தமிழர் இத்துறையிற் புகுந்தனர். 1998-ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்திலிருந்து கு.கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர் ஊதியமின்றித் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் வெளியிட்டது. எவரும் அவற்றைப் பகிரலாம். ஆயின், தட்டச்சிட்டோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களைத் தாங்கிய முகப்புப் பகுதியை நீக்கலாகாது என்பது அத்திட்டத்தின் விதி. இதனை மின்னூலுக்கு எழுதிய சிறப்புப்பாயிரம் என்றே கூறலாம்.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஈழத்தவராகிய இ.மயூரநாதன் முதலானோர் வளர்த்தனர். அதன் கட்டுரைகள் பெயர் சுட்டி, அவ்வுரிமையையே பிறர்க்கும் வழங்கும் நெறியில் அமைந்தவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் யார் எப்போது எதனை மாற்றினார் என்னும் வரலாறு உடன் நிற்கின்றது. 1981-இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டதன் இழப்பை அறிந்த ஈழத்தமிழர், 2005-இல் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கினர். அன்று எரிந்த ஏடுகளுட் சில, வேறு படி இன்மையால் முற்றும் மறைந்தன. படியெடுத்தல் நூலின் உயிர்காப்பு என்னும் பழைய உண்மையை இக்காலத்தில் இதனினும் வலியுறுத்துவது பிறிதில்லை. 2013 முதல், த.சீனிவாசன் முதலான கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள், வாழும் எழுத்தாளர்களிடம் உரிமம் பெற்று அவர்தம் நூல்களை மின்னூல்களாக வெளியிட்டு வருகின்றனர். நாட்டுடைமை எட்டாத இடத்தை இம்முயற்சி எட்டிற்று.

நாட்டுடைமையும் திறந்த உரிமமும் ஒன்றுகூடிய இடமும் உண்டு. தமிழ் இணையக் கல்விக்கழகம் படிமமாக்கிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை தமிழ் விக்கிமூலத்தில் ஏற்றப்பட்டன. அவை 'சி.சி. சுழியம்' என்னும் பொதுக்கள அறிவிப்பினைத் தாங்கியுள்ளன. நாட்டுடைமை என்னும் சொல் விளக்காது விட்டதனை அவ்வறிவிப்பு விளக்குகின்றது: படியெடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், ஒப்புதல் வேண்டா. ஆயின், அது பெயர் சுட்டும் கடமையையும் உடன் விடுவிக்கின்றது. இசைவுக்கட்டோடு பெயர்க்கட்டும் அவிழ்ந்த இடம் இது.

கைக்கு எட்டுதல் வேறு, உரிமை வேறு என முற்கூறியதனை ஈண்டு நினைக. கலைக்களஞ்சியத் தொகுதிகள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் யாவரும் படிக்கக் கிடைக்கின்றன. தாராபுரத்தில் முதுகலை பயிலும் மாணவன் அவற்றைக் காண ஏறக்குறைய 80 கிலோமீட்டர் கடந்து கோவைக்குச் செல்லவேண்டுவதில்லை. இது பெரும்பயனே. ஆயினும், படிக்கக் கிடைக்கும் நூலெல்லாம் எடுத்தாள உரிமையுடைய நூல் ஆகாது. பண்டு நூல் பொதுவாயிருந்து ஏடு பூட்டப்பட்டிருந்தது. இன்று ஏடு திறந்திருப்பினும் நூல் பூட்டப்பட்டிருத்தல் கூடும். உரிமக் குறிப்பைக் காணாது படியெடுத்தல் ஆய்வாளர்க்கு ஆகாது.

8. பாடத் திரிபு பற்றிய தடையும் விடையும்

யாவரும் அச்சிடலாம் எனின் பாடம் கெடும் என்பது இம்முறைக்கு அறிஞர் எழுப்பும் தலையாய தடை. அது புறக்கணிக்கத்தக்கதன்று. நாட்டுடைமையான நூல்களுள் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் எழுத்துப்பிழையும் விடுபாடும் மலிந்துள்ளமை கண்கூடு. மூலபாடம் எதுவெனக் கூறாத பதிப்பிலிருந்து மற்றொரு பதிப்பு தோன்றுங்கால் பிழை மரபாகிவிடுகின்றது.

ஆயின், அதே விடுதலைதான் செம்பதிப்புகளுக்கும் வழி திறந்தது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1987-இல் பாரதி பாடல்களுக்கு ஆய்வுப் பதிப்புக் கண்டது. சீனி.விசுவநாதன் பாரதியார் படைப்புகளைக் கால வரிசையில் தொகுத்தார். பதிப்புரிமை ஒரு நிறுவனத்தின் கையில் இறுகியிருந்தால், அந்நிறுவனத்தின் ஒப்புதலின்றி இம்முயற்சிகள் வெளிவருதல் அரிதாயிருக்கும். விக்கிமூலத்திலும் கணிப்பொறி படித்தறிந்த பிழைமலிந்த பாடம் முதலில் ஏற்றப்பட்டாலும், பக்கந்தோறும் மூலப்படிமம் அருகே நிற்கின்றது. மெய்ப்புப் பார்க்காத பக்கம், ஒருவர் பார்த்த பக்கம், இருவர் பார்த்துச் சரிகண்ட பக்கம் என நிறத்தால் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றது. அச்சுப் பதிப்பாசிரியர் பலர் காட்டாத நேர்மை இது.

எனவே, பாடத் திரிபுக்கு மருந்து பூட்டு அன்று; வழி கூறுதலேயாம். புடாபெஸ்டு நகரிற் கூடிய அறிஞர் 2002-இல் வெளியிட்ட திறந்த அணுக்க அறிக்கையும், ஆய்வெழுத்தில் பதிப்புரிமைக்குரிய இடம், ஆசிரியன் தன் படைப்பின் செம்மையைக் காத்தலும், உரியவாறு பெயர் சுட்டப்பெறுதலும் மட்டுமே எனக் கூறிற்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன வருமாறு: தமிழ் நூன்மரபு ஒப்புதலை வேண்டாது பெயரையும் வழியையும் வேண்டிற்று. அச்சுக்காலச் சட்டம் ஒப்புதலை முன்வைத்தது. 1949-இலும் 1955-இலும் பாரதியார் நூல்களுக்கு நேர்ந்த மாற்றம், அரசைப் புரவலனாக்கி ஒப்புதலை நீக்கிற்று. திறந்த உரிமம் ஆசிரியன் தானே ஒப்புதலை முன்னரே வழங்கிப் பெயரையும் வழியையும் காக்கச் செய்தது.

இவற்றால் தமிழாய்வாளர்க்கு உரிய கடமைகள் இரண்டு புலனாகின்றன. ஒன்று, நாட்டுடைமை நூலைப் பதிப்பிப்போர் தாம் பின்பற்றிய மூலபாடத்தையும் தாம் செய்த மாற்றத்தையும் முன்னுரையிற் கூறுதல். சட்டம் இதனைக் கட்டாயமாக்காத இடத்தும் புலமை மரபு கட்டாயமாக்கும். மற்றொன்று, தம் ஆய்வெழுத்தைத் தக்க உரிமக் குறிப்போடு வெளியிடுதல். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகளுக்குப்பின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் மின்வடிவில் ஒப்படைக்கப்பட்டுச் 'சோத்கங்கா' என்னும் களஞ்சியத்தில் யாவரும் காண வைக்கப்படுகின்றன. ஆய்வேடு எழுதுவோர்க்கு ஊதியமோ உதவித்தொகையோ முன்னரே கிடைக்கின்றது. பண்டைப் புரவலர் கொடையின் இடத்தில் இன்று மக்களின் வரிப்பணம் நிற்கின்றது. மக்கள் பொருளால் விளைந்த ஆய்வு மக்களுக்கு எட்டாது கிடப்பின், ஏட்டைப் பூட்டி வைத்துச் செல்லுக்கு இரையாக்கியோரை நாம் பழித்தற்கு என்ன தகுதி உண்டு? துறைதோறும் வெளிவரும் ஆய்விதழ்கள் தம் முதற்பக்கத்திலேயே உரிமக் குறிப்பொன்றினைப் பொறிக்குமாயின், அதுவே இவ்வினாவிற்குத் தக்க விடையாகும்.